எட்டாம் வாரத்தில் பார்த்த பிரஷர்

மும்பை தாதர் ஸ்டேஷன் நடைமேம்பாலத்துப் படிகளைப் போன மாதம் வரை ஓட்டமாக ஏறிக்கொண்டிருந்த பெண், நாள் தள்ளிப்போய் இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிடுகிறாள். வயிறு இன்னும் தெரியவில்லை. எடையும் கூடவில்லை, வாந்தியில் ஒரு கிலோ இறங்கிக்கூட இருக்கலாம். "இப்பவே இப்படி மூச்சு வாங்கினா எட்டாம் மாசத்துல என்ன பண்ணுவே?" என்று கூட வருகிறவர்கள் கேட்பார்கள். தாராவி, சயான், மாட்டுங்கா, ஆன்டாப் ஹில் பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்குக் கர்ப்பகாலப் பரிசோதனை செய்து பழகிய எங்கள் காதில் அடிக்கடி விழும் கேள்வி இது. அவளுக்கு உடம்பில் தெம்பு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வயிறு தெரிவதற்கு வெகு முன்பே அவள் இதயம் கூடுதல் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது.

இந்த மாற்றம் எந்த வரிசையில் நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீரும். முதலில் மாறுவது ரத்தக் குழாய்கள். கருத்தரித்த சில வாரங்களிலேயே புரோஜெஸ்டிரான், ரிலாக்ஸின் போன்ற ஹார்மோன்களும், குழாய்ச் சுவரே சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடும் சேர்ந்து உடம்பு முழுக்கக் குழாய்களைத் தளர்த்திவிடுகின்றன. ரத்தம் ஓடும்போது ஏற்படும் தடை கால் பங்குக்கு மேல் குறைகிறது. சாலில் (வரிசை அறைக் குடியிருப்பில்) ஒரே லைனிலிருந்து புதிதாக நாலு கோலிக்கு (அறைக்கு) குழாய் இழுத்தால் எல்லார் வீட்டிலும் தண்ணீர் வேகம் குறையுமே, அதே கதைதான். வேகம் குறைந்ததும் சிறுநீரகம் "டாங்க் நிறையவில்லை" என்று எடுத்துக்கொண்டு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. ரத்தத்தின் அளவு ஏறுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தம் தள்ளுகிறது, துடிப்பின் எண்ணிக்கையும் கூடுகிறது.

சாதாரண நாளில் நிமிடத்துக்கு நாலரை, ஐந்து லிட்டர் ரத்தம் தள்ளும் இதயம், கர்ப்பத்தின் நடுப்பகுதிக்குள் ஆறு, ஏழு லிட்டர் தள்ளுகிறது. 30 முதல் 50 சதவீதம் கூடுதல். ஓய்வு நாடி 10 முதல் 20 வரை ஏறும். முன்பு 74 இருந்தவளுக்கு எட்டாம் மாதத்தில் 90 இருந்தால் அது அவளுக்கு இயல்பு. ரத்தத்தின் மொத்த அளவு 32-ம் வாரம் வாக்கில் 40 முதல் 50 சதவீதம் வரை கூடியிருக்கும். ஒன்றேகால், ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கருப்பைக்கு மட்டும், முன்பு நிமிடத்துக்கு 50 மில்லி அளவில் போன ரத்தம், நிறைமாதத்தில் 500 முதல் 750 மில்லி போகிறது.

"ரத்தம் தண்ணியாயிடுச்சு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இந்த இடத்தில் நிஜம்தான். ரத்தத்தின் நீர்ப்பகுதி பாதிக்குப் பக்கமாகக் கூடும்போது சிவப்பணு 20, 30 சதவீதம்தான் கூடுகிறது. அதனால் ஹீமோகுளோபின் எண் இறங்கும். முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11-க்குக் கீழே, நடுவில் 10.5-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. எண் இறங்குவது இயல்பு என்பதால் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அந்தக் கூடுதல் சிவப்பணுவைச் செய்யவே இரும்பு வேண்டும். மாத்திரையை டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காலை டீக்கு முன் இதைப் போட்டுக்கொள்கிறேன் என்பது சரிவராது. டீ இல்லாத மத்தியான வேளை பலருக்கு ஒத்துவருகிறது.

இனி பிரஷர். இங்கேதான் தவறு அதிகம் நடக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

குழாய்கள் தளர்ந்ததால் பிரஷர் இறங்கும். கீழ் எண்தான் அதிகம் இறங்கும்; 5 முதல் 10 வரை, சிலருக்கு இன்னும் சற்று அதிகம். 20 முதல் 24 வாரம் வாக்கில் அடிமட்டத்துக்குப் போய், பிறகு மெல்ல ஏறி, நிறைமாதத்தில் பழைய இடத்துக்கு வந்து சேரும். இதைத் தெரியாமல் ஐந்தாம் மாதத்தில் 98/60 பார்த்துவிட்டு "லோ பிரஷர், உப்புப் போட்டுக் குடி" என்கிறவர்கள் உண்டு. மயக்கம் இல்லாமல் நன்றாக இருக்கும் பெண்ணுக்கு அந்த எண்ணால் ஒன்றும் ஆகாது.

ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பே ஒருத்திக்கு பிரஷர் 138/90 இருந்திருக்கலாம். யாரும் பார்த்ததே இல்லை. பிரசவம் எப்படியும் ஊரில்தான், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மும்பையில் பதிவு செய்யத் தாமதித்து, 20-ம் வாரத்தில் முதல் தடவையாகக் கையில் பட்டை கட்டினால் 120/78 காட்டும். எல்லாம் நலம் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். 33-ம் வாரத்தில் 144/92 வரும்போது, இது பழைய பிரஷர் திரும்பி வந்ததா, கர்ப்பத்தால் புதிதாக வந்ததா என்று எந்த மருத்துவராலும் உடனே சொல்ல முடியாது. இரண்டுக்கும் வைத்தியமும் அவசரமும் வேறு. எட்டாம், ஒன்பதாம் வாரத்திலேயே ஒரு அளவு எழுதி வைத்திருந்தால் குழப்பத்துக்கு இடமே இல்லை. பிரசவம் திருநெல்வேலியில் ஆகட்டும், மதுரையில் ஆகட்டும், முதல் அளவை இங்கேயே எடுத்துவிடுங்கள். மாநகராட்சி மருந்தகத்திலேயே பார்ப்பார்கள். ஒவ்வொரு மாதமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனையும் உண்டு. 2016 முதல் நடக்கிறது.

வீட்டில் மிஷின் வாங்கிப் பார்க்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். நல்லதுதான், ஆனால் முறை பிசகினால் எண் பொய் சொல்லும். மணிக்கட்டில் கட்டும் மிஷின் வேண்டாம். மேல்கையில் கட்டுவதாக, கர்ப்பிணிகளிடம் சரிபார்க்கப்பட்டதாக வாங்குங்கள். வாங்கும் முன் தையல் டேப்பால் மேல்கையின் நடுச் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். மிஷினோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்குத்தான். 34 இருக்கும் கைக்கு அதைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். பெரிய பட்டை தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது ஜாக்கெட் கை. புடவைக்குப் போடும் இறுக்கமான ஜாக்கெட் கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டுப் பட்டை கட்டுவார்கள். அந்தச் சுருளே கயிறு மாதிரி கையை இறுக்கும், அளவு தப்பும். தொளதொள நைட்டி போட்டுக்கொண்டு பார்ப்பது உத்தமம். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்க வேண்டும். உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்காருங்கள். டீ குடித்திருந்தால் அரை மணி போகட்டும். சுவரில் முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் பதிந்து, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். கோலியில் மேஜை இல்லையென்றால் பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் தலையணை வைத்து, பட்டை நெஞ்சு மட்டத்துக்கு வரும்படி கையைக் கிடத்துங்கள். கை மடியில் தொங்கினால் எண் ஏறும். பட்டை நெஞ்சுக்கு மேலே போனால், பத்து சென்டிமீட்டருக்கு ஏழெட்டு என்ற கணக்கில் எண் இறங்கும். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு மேலே இருக்கும் வலது கையில் பார்க்கிறவர்கள் ஏமாறுவது இப்படித்தான்: நிஜமாகவே 142 இருக்கும் பிரஷர் 130 சொச்சமாகக் காட்டும், மனசும் சமாதானமாகிவிடும். அளக்கும்போது பேச்சு வேண்டாம், ஃபோனும் வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது தடவை பார்த்து, இரண்டையும் தேதி, நேரத்தோடு எழுதுங்கள்.

140/90 என்பது கோடு. மேல் எண்ணோ கீழ் எண்ணோ, எது ஒன்று அதைத் தொட்டாலும் கணக்கு. நாலு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தலைவலியோ வேறு தொந்தரவோ கூட இருந்தால் அந்த நாலு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது. 160/110 வந்தால் பதினைந்து நிமிடத்துக்குள் ஒருமுறை சரிபார்த்துவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு, 108-ஐக் கூப்பிட்டாவது. எண் என்னவாக இருந்தாலும் சரி, விடாத தலைவலி, கண் முன்னால் பூச்சி பறப்பது, வலது விலா அடியில் வலி, காலையில் எழும்போதே முகம் உப்பியிருப்பது இவையெல்லாம் அவசரம்தான். விலா அடி வலியை "கேஸ்" என்று சோடா குடித்துக் கழிக்கும் பழக்கத்தை நினைத்தால் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. அது கல்லீரல் வீங்கும் வலியாக இருக்கலாம்.

கர்ப்பத்தால் ஏறும் இந்த பிரஷர் ஏன் சிலருக்கு மட்டும் வருகிறது? கருப்பைச் சுவருக்குள் சுருள் சுருளாக ஓடும் நுண்ணிய தமனிகள் இருக்கின்றன. நஞ்சுக்கொடியின் செல்கள் அவற்றுக்குள் புகுந்து, சுவரிலிருக்கும் தசையைக் கரைத்து, ஒடுங்கிய குழாயைப் புனல் வாய் போலப் பல மடங்கு அகலமாக்கிவிட வேண்டும். 20-ம் வாரம் வாக்கில் இந்த வேலை முடிந்துவிடும். அதன் பிறகு தாயின் உடம்பு இறுக்கினாலும் அந்தக் குழாய்கள் இறுகாது, குழந்தைக்கு ரத்தம் தடையில்லாமல் போகும். இந்த வேலை அரைகுறையாக நின்றுபோனால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல், அது வெளியிடும் பொருள்கள் தாயின் குழாய்ச் சுவர்களைக் கெடுக்கின்றன. பிரஷர் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் கசிகிறது. மூன்றாம் மாதத்தில் தொடங்கிய கோளாறு எட்டாம் மாதத்தில்தான் வெளியே தெரிகிறது. முந்தைய கர்ப்பத்தில் பிரஷர் வந்தவர், ஏற்கெனவே பிரஷர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர், இரட்டைக் குழந்தை சுமப்பவர் ஆகியோருக்கு மருத்துவர் 12 முதல் 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவது இதனால்தான். ஏழாம் மாதம் ஞாபகம் வந்து தொடங்கினால் பெரிதாகப் பயன் கிடைக்காது. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாள் தள்ளியதுமே மருத்துவரிடம் சீட்டைக் காட்டுங்கள். பெயர் 'பிரில்' என்றோ 'சார்ட்டன்' என்றோ முடியும் மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அவற்றை மாற்றித் தருவார்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மயக்கத்துக்கு வருவோம். தளர்ந்த குழாய்களில், வெறுமனே நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கும். காலையில் பொதுக் கழிப்பறை வரிசை, தண்ணீர்க் குழாயடி, அக்டோபர் வெயிலில் ரேஷன் வரிசை: வெறும் வயிற்றோடு, புழுக்கத்தில், அசையாமல் இருபது நிமிடம் நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். கெண்டைக்கால் தசைதான் ரத்தத்தை மேலே ஏற்றும் பம்பு. நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், எடையைக் கால் மாற்றிப் போடுங்கள். கிளம்பும் முன் இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் தண்ணீரும் உள்ளே போகட்டும். கண் மங்கத் தொடங்கியதும் கூச்சப்படாமல் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். விழுந்தால் அடிபடுவது வயிறு. பாயில் படுக்கிறவர்கள் விருட்டென்று எழக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கையூன்றி உட்கார்ந்து, இருபது எண்ணிவிட்டு எழுந்திருங்கள். லோக்கலில் பீக் நேரத்தில் லேடீஸ் கம்பார்ட்மென்ட் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் கர்ப்பிணிகளும் ஏறலாம். பலருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் தயங்குகிறார்கள். தயங்க ஒன்றுமில்லை.

20 வாரம் தாண்டிய பின் மல்லாந்து படுத்தால் கருப்பையின் கனம் முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருஞ்சிரையை நசுக்கும். கீழிருந்து ரத்தம் இதயத்துக்குத் திரும்பாது. சிலருக்கு வியர்த்து, குமட்டி, நெஞ்சு படபடக்கும். பக்கவாட்டில் திரும்பினால் ஒரு நிமிடத்தில் தெளியும். ஸ்கேன் எடுக்கும்போது அப்படி வந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள், இடுப்புக்கு அடியில் ஒரு துணிச்சுருள் வைத்தாலே போதும். தூக்கத்தில் தானாக மல்லாந்துவிட்டால் பதற வேண்டாம், மறுபடி ஒருக்களித்துக்கொண்டால் சரி.

கால் வீக்கம் பெரும்பாலோருக்கு வரும். சாயங்காலம் கூடி, காலையில் வடியும் வீக்கம், இரண்டு காலிலும் ஒன்றுபோல இருந்தால் இயல்பு. உப்பை அடியோடு நிறுத்துவதாலும் தண்ணீரைக் குறைப்பதாலும் அது வடியாது. தையல் மிஷினில் உட்காருகிறவர்கள், இட்லிக்கு மாவு அரைத்து அடுப்படியில் நிற்கிறவர்கள் ஒரு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடந்துவிட்டு, சாயங்காலம் இருபது நிமிடம் காலை உயர்த்தி வைத்தால் குறையும். ஒரே கால் வீங்கி, கெண்டைக்கால் அல்லது தொடை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் கதை வேறு. கர்ப்பத்தில் ரத்தம் சீக்கிரம் உறையும்படி உடம்பு தயாராகிறது. பிரசவத்தில் உதிரம் நிற்பதற்கான ஏற்பாடு அது. அதனால் சிரையில் ரத்தம் கட்டியாக உறையும் வாய்ப்பும் நாலைந்து மடங்கு கூடுகிறது. பெரும்பாலும் இடது காலில்தான் வரும், ஏனென்றால் இடுப்புக்குள் வலப்பக்கத் தமனி இடப்பக்கச் சிரையின் மேல் குறுக்கே ஏறிப் போகிறது. அந்தக் காலை எண்ணெய் போட்டு உருவக் கூடாது. அன்றே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

மூச்சு வாங்குவதில் இயல்பையும் நோயையும் பிரிப்பது கடினம், கற்றுக்கொண்டே ஆக வேண்டும். இயல்பான மூச்சிரைப்பு மெல்ல வரும், உட்கார்ந்தால் அடங்கும், முழு வாக்கியமாகப் பேச முடியும். படுத்தால் மூச்சு முட்டி மூன்று தலையணை கேட்பது, நடுராத்திரி மூச்சுத் திணறி எழுந்து உட்காருவது, இருமலில் ரத்தம் அல்லது நுரை வருவது, ஓய்வில் நாடி திரும்பத் திரும்ப 110-க்கு மேல் இருப்பது, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிமீட்டர் 95-க்குக் கீழே காட்டுவது இவை எதுவும் கர்ப்பத்தின் இயல்பு அல்ல. சின்ன வயதில் தொண்டை வலியைத் தொடர்ந்து மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கலாம்; நம் நாட்டில் இது இன்னும் இருக்கிறது. நாடி கூடும்போது இரண்டு துடிப்புக்கு நடுவே கிடைக்கும் நேரம் குறைகிறது. சுருங்கிய வால்வு வழியாக ரத்தம் இறங்க நேரம் போதாமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அதுவரை தொந்தரவே தராத வால்வு ஏழாம் மாதத்தில் தன்னைக் காட்டிக்கொடுப்பது இப்படித்தான். ஸ்டெதஸ்கோப் வைத்துவிட்டு "லேசாக இரைச்சல் கேட்கிறது" என்று மருத்துவர் சொன்னால் பதற வேண்டாம், ரத்த ஓட்டம் கூடியதால் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்குக் கேட்கும். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொன்னால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அதில் கதிர்வீச்சு கிடையாது, குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று ஊருக்கு ரயில் ஏறுகிறார்கள். ரத்த அளவு உச்சத்தை நெருங்குவதும், இறங்கிய பிரஷர் ஏறத் தொடங்குவதும் சரியாக அதே வாரங்கள். மும்பையில் கடைசியாக 28-ம் வாரத்தில் பார்த்தது, ஊரில் உறவுக்காரர் வீடெல்லாம் போய் வந்து அடுத்தது 34-ல் என்று ஆறு வாரம் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒன்று, போய்ச் சேர்ந்து ஏழு நாளுக்குள் ஒன்று என்று பிரஷரும் சிறுநீர்ப் புரதமும் பார்த்துவிடுங்கள். தாய்சேய் அட்டை மராத்தியில் இருக்கிறதே என்று வீட்டில் விட்டுப் போகாதீர்கள். எண்களுக்கு மொழி கிடையாது. ஒன்றரை நாள் பயணத்தில் கீழ் பெர்த் கேட்டு வாங்குங்கள், கர்ப்பிணிகளுக்கு அந்த ஒதுக்கீடு உண்டு. தூங்காத நேரத்தில் மணிக்கொருமுறை பெட்டிக்குள் நடந்து வாருங்கள். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்க வேண்டாம்.

பிரசவ வலியில் ஒவ்வொரு முறை கருப்பை சுருங்கும்போதும் 300 முதல் 500 மில்லி ரத்தம் பொதுச் சுற்றுக்குள் தள்ளப்படுகிறது. குழந்தை பிறந்ததும் சிரை மேலிருந்த பாரம் விலகி, கருப்பை இறுகி, ரத்தம் ஒரேயடியாக இதயத்துக்குத் திரும்பும். இதயம் மிக அதிகமாக வேலை செய்வது அந்த நிமிடங்களில்தான். வால்வு நோய் உள்ளவர்களைப் பிரசவம் முடிந்தும் ஒன்றிரண்டு நாள் கண்காணிப்பில் வைக்கச் சொல்வது இதற்காக.

வீடு வந்த பிறகும் கணக்கு முடியவில்லை. உடம்பில் தங்கிய நீர் குழாய்களுக்குள் திரும்புவதால் பிரசவத்துக்குப் பின் 3 முதல் 6 நாளில் பிரஷர் உச்சம் தொடும். சுகப்பிரசவம் ஆனவர்கள் அதற்குள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த வாரத் தலைவலிக்கு வீட்டில் "தூக்கமில்லை", "காத்துப் பட்டுடுச்சு" என்று காரணம் ரெடியாக இருக்கும். முதலில் பிரஷர் பாருங்கள், பிறகு கஷாயம் வைக்கலாம். வயிறு போட்டுவிடும் என்று தண்ணீரைக் குறைத்து, பத்து நாள் அசையாமல் படுக்க வைக்கும் பத்தியமும் வேண்டாம். ரத்தம் உறையும் ஆபத்து அதிகம் இருப்பதே இந்த வாரங்களில்தான். கால் வீக்கம் ஓரிரு வாரத்தில் வடிய வேண்டும். வடியாமல் ஏறிக்கொண்டே போய், படுத்தால் மூச்சும் முட்டினால் இதயத் தசையே தளர்ந்திருக்கலாம். பிரசவத்துக்கு முந்தின மாதத்திலிருந்து பிந்தைய ஐந்து மாதம் வரை இது வரக்கூடும். ஆஸ்பத்திரியில் "குழந்தை பிறந்து இத்தனை நாள்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆஸ்துமா மருந்து கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.

பிரசவத்துக்குப் பின் ஆறாம் வாரப் பரிசோதனையில் எடுத்த அளவை, கர்ப்பத்தின் எட்டாம் வாரத்தில் எழுதிய அந்த முதல் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பன்னிரண்டு வாரம் தாண்டியும் 140/90-க்குக் கீழே இறங்காவிட்டால் அது இனி நிரந்தரப் பிரஷர், வைத்தியமும் அந்த வழியில்தான். கர்ப்பத்தில் பிரஷரோடு புரதமும் வந்து போனவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு. வருடம் ஒருமுறை பிரஷர் பார்க்க வேண்டும். நாற்பத்தைந்து வயதில் நெஞ்சு வலி என்று போய் நிற்கும்போது இருபத்தாறு வயதுக் கர்ப்பத்தைப் பற்றி மருத்துவர் கேட்காமல் விடலாம், நீங்கள்தான் சொல்ல வேண்டும். குழந்தையின் தடுப்பூசி எல்லாம் முடிந்ததும் தாய்சேய் அட்டையை எடைக்குப் போட்டுவிடாமல், பிரஷர் எழுதிய பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துவிட்டு, ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வையுங்கள்.